பெட்டி காலி

கதை ஆரம்பிக்கிறபோது மணி காலை ஆறரை. ஆமாம், காலைதான். என்ன உதட்டைப் பிதுக்குகிறீர்கள்? பேய் ராத்திரி டியூட்டி மட்டும்தான் பார்க்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கரண்ட் இப்போதைக்கு வரப்போவதில்லை. படிக்கட்டில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தப் போனை எல்லாம் கவிழ்த்து வையுங்கள். மூஞ்சியில் வெளிச்சம் அடித்தால் எனக்குச் சொல்ல வராது.

இது என் சிநேகிதனின் மைத்துனனுக்கு நடந்தது. அவன் வாயாலேயே கேட்டது, அதுவும் ஒரே ஒரு தடவை. இரண்டாம் தடவை கேட்டபோது எழுந்து போய்விட்டான். ஆள் ஒல்லி. எந்த ஓட்டைக்குள்ளும் நுழைந்துவிடுவான் என்பதால் வேலை இடத்தில் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

காலை ஆறரை... எண்ணெய்க் கிடங்குக்குப் போகிற தார்ச்சாலை. ஆறு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. இரண்டு பக்கமும் கம்பி வேலி. ஆட்களை ஏற்றிப் போகிற வேனில் கடைசி சீட்டில் ஊசி உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் தூங்கி வழிகிறார்கள். அவன் மட்டும் குனிந்து, ரப்பர் பூட்ஸுக்குள், தடித்த காலுறைக்கு அடியில், போனைச் செருகிக்கொண்டிருந்தான்.

திருட்டு வேலைதான். ஆனால் காரணம் இருந்தது. அவன் அம்மாவுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்து இரண்டு வருடம். பெயர் மறந்துபோச்சு, கிழமை மறந்துபோச்சு, அடுப்பில் வைத்தது மறந்துபோச்சு. மகனுக்குப் போன் போடுகிற பொத்தான் மட்டும் விரலுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கூப்பிடுவாள். “ராசா, எங்க இருக்க? எப்ப வருவ?” இவன் “வந்துடறேம்மா” என்றால் போதும், சமர்த்தாக உட்கார்ந்துவிடுவாள். மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லையோ... செருப்பை மாட்டிக்கொண்டு மகனைத் தேடக் கிளம்பிவிடுவாள். முந்தின வாரம் லாரி பறக்கிற ரோட்டின் நடுவில் நின்றவளைத் தபால்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். மற்ற நாளில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். அந்தச் சனிக்கிழமை அவள் ஊரில் இல்லை. அரை நாள் வேலைதானே, சமாளித்துவிடலாம் என்று ஊசி நினைத்தான்.

கிடங்கு வாசலில் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. புறாக்கூண்டு மாதிரி நாற்பது பொந்து. உள்ளே போகிறவன் போனை அணைத்துத் தன் பொந்தில் வைத்துவிட்டு ஒரு பித்தளை வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது வில்லையைக் கொடுத்தால் போன் திரும்பி வரும். ஏன் என்று உங்களுக்கே தெரியும். பெட்ரோல் ஆவி நிற்கிற இடத்தில் போனிலிருந்து ஒரே ஒரு பொறி போதும், எலும்பு பொறுக்கக்கூட ஆள் மிஞ்ச மாட்டான். ஆனால் நாளாக நாளாக அந்தப் பெட்டிக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. போனை மறந்து எவன் வீட்டுக்குப் போவான்? அதனால் வேலை முடிந்ததும் ஆளை எண்ணுகிற வழக்கமே போய்விட்டது. போனைத்தான் எண்ணினார்கள். பெட்டியில் எத்தனை போனோ, உள்ளே அத்தனை ஆள். பெட்டி காலி என்றால் கிடங்கு காலி.

போன் கொண்டுவராதவன் பெயருக்கு ஒரு மரக்கட்டையைப் பொந்தில் வைக்க வேண்டும். அதுதான் சட்டம். ஊசியின் பொந்து பதினேழு. அவன் முறை வந்ததும், “போன் ரிப்பேர்ணே, கடையில கிடக்கு” என்றான். வாசல் காவலில் இருந்த கேட்காரர் மரக்கட்டையைத் தேடினார். மேசைக்கு அடியில் பார்த்தார், டிராயரில் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

“சரி, போடா. உன்னை எனக்குத் தெரியாதா?”

அவ்வளவுதான். பதினேழாம் பொந்து காலியாகவே இருந்தது.

அன்றைக்குக் காலி செய்த ஒரு பெட்ரோல் டேங்க்கின் அடியைச் சுரண்டுகிற வேலை. டேங்க் என்றால் தண்ணீர்த் தொட்டி என்று நினைக்காதீர்கள். உள்ளே ஒரு வீட்டையே வைத்து மூடலாம். நடுவில் கூரையைத் தாங்க இரும்புத் தூண்கள். உள்ளே போக, வெளியே வர ஒரே வழி, அடியில் பக்கவாட்டில் வட்டமாக ஒரு மேன்ஹோல். ஒரு ஆள் குனிந்து நுழையலாம். முழங்கால் வரை கறுப்புச் சகதி. வெளிச்சத்துக்குக் கம்பியில் கட்டின ஒரு மூடின விளக்கு. ஆவியை இழுக்க வெளியே ஒரு ராட்சதக் காற்றாடி, ஊ... என்று ஓயாமல். கையில் இருப்பதெல்லாம் மரக்கரண்டியும் ரப்பர்த் துடைப்பானும். இரும்பு மேல் இரும்பு பட்டால் பொறி பறக்கும் அல்லவா? மூக்கில் முகமூடி, நெஞ்சில் ஒரு கேஸ் மீட்டர். பச்சைப் புள்ளி எரிந்தால் பயமில்லை. ஆவி ஏறினால் ‘பிப்’ என்று கத்தும்.

உள்ளே இரண்டே பேர், ஊசியும் அவன் கூட்டாளி ‘உருண்டை’யும். ஒரு மணிக்கு வேலை முடியும். அதுவரை, மூச்சு வாங்க வெளியே வந்தபோதெல்லாம் மறைவில் போய் அம்மாவிடம் பேசிச் சமாளித்திருந்தான் ஊசி. பன்னிரண்டே முக்காலுக்கு... ட்ர்ர்ர்.

பூட்ஸுக்குள் போன் அதிர்ந்தது. அம்மா. உருண்டை பார்த்துவிட்டால் மேஸ்திரியிடம் போகும், வேலை போகும். விளக்கு வெளிச்சம் படாத கடைசித் தூணுக்குப் பின்னால் போய்க் குந்தினான். காலுறை மேலாக அமுக்கினான். நிற்கவில்லை. அணைக்கலாம் என்றால் தொட்டவுடனே திரை எரியும். ஒரு விரல் கூட வைக்கப் பயம். தானாக அடங்கட்டும் என்று இரண்டு கையாலும் காலைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான். கடைசியில் அடங்கியது.

அந்த நேரத்தில்தான் வெளியிலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்திருக்கிறார். காற்றாடி சத்தத்தில், முகமூடியில், இவன் காதில் விழவே இல்லை. உருண்டை மட்டும் குனிந்து வெளியே போனான். ஊசியைக் காணோமே, நமக்கு முன்னாலேயே நழுவிவிட்டான் போல என்று அவன் நினைத்துக்கொண்டான். மேஸ்திரி ஆளை விட்டுத் தேடவில்லை, வயர்லெஸ்ஸில் வாசலைத்தான் கேட்டார்.

“உருண்டை அவன் போனை வாங்க இப்ப வரான். அது போக பெட்டியில ஏதாச்சும் இருக்கா?”

“இல்ல. பெட்டி காலி.”

தூணுக்குப் பின்னாலிருந்த ஊசிக்கு முதலில் தெரிந்தது, வெளிச்சம் நகர்ந்தது. விளக்கைக் கம்பியோடு சுருட்டி வெளியே இழுக்கிறார்கள். எழுந்தான். சகதியில் கால் மாட்டியது. ஓடினான், விழுந்தான், எழுந்தான். மேன்ஹோல் வட்டமாகத் தெரிந்தது... பாதியாகத் தெரிந்தது... ஒரு கீற்றாகத் தெரிந்தது. பிறகு இல்லை.

பித்தளைச் சுத்தியலால் போல்ட்டை அடிக்கிற சத்தம். ணங். ணங். ணங். இவன் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினான். அந்த ணங் ணங்கில் எது கேட்கும்? நாலு போல்ட். அதோடு காற்றாடியையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் வந்த அமைதி இருக்கிறதே... அப்பா! தன் ரத்தம் ஓடுகிற சத்தம் தனக்கே கேட்டது என்றான்.

மரக்கரண்டியால் மூடியை அடித்தான். தொப். தொப். கனத்த இரும்பில் மரம் என்ன சத்தம் போடும்? கையால் அடித்தான். தூரத்தில் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அரை நாள். மறுநாள் ஞாயிறு. திங்கள் காலை ஏழு மணிக்குத்தான் இந்த மூடியைத் திறப்பார்கள். எண்ணிப் பாருங்கள்.

இருட்டு. நெஞ்சில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. காற்றாடி நின்றதும் சகதியிலிருந்து ஆவி கிளம்ப ஆரம்பித்தது. பெட்ரோல் பங்க்கில் வருமே, அந்த இனிப்பான வாடை. அது தொண்டையில் இறங்கியது. கண் எரிந்தது. கீழே துழாவினான். எறிந்த முகமூடி சகதியில் எங்கே போயிற்றோ.

பிப்.

பச்சை சிவப்பானது.

பிப்... பிப்...

ட்ர்ர்ர். காலில் போன். இரண்டாவது தடவை.

என்ன, அங்கே யாரோ முணுமுணுக்கிறீர்கள்? மூடின இரும்பு டேங்க்குக்குள் சிக்னல் எப்படி வரும் என்றா? உனக்குத் தோன்றியது அவனுக்கு அப்போது தோன்றவில்லையப்பா. பேசாமல் கேள்.

ஒரு போன் அடித்தால் போதும். வாசலில் கேட்காரர் இருப்பார், ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுவார்கள். போன் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் மீட்டர் சிவப்பில் கத்துகிறது. இப்போது அந்த டேங்க் முழுக்க நிற்பது காற்றில்லை, வெடிமருந்து. போனை வெளியே எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் ஒன்றும் ஆகாமலும் போகலாம்... ஆகவும் ஆகலாம்.

மூன்றாவது தடவை அதிர்ந்தது. நீளமாக அதிர்ந்து, நின்றது.

இனி அம்மா செருப்பைத் தேடுவாள். இவனுக்கு அந்த ரோடு கண்ணில் வந்தது. லாரிகள் கண்ணில் வந்தன. போனை எடுத்தால் இவன் போவான், எடுக்காவிட்டால் அவள் போவாள். அழுதுகொண்டே பூட்ஸைக் கழற்றினான். காலுறைக்குள் விரலை விட்டுப் போனைப் பிடித்துவிட்டான்.

அப்போது இருட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். அவனுக்குப் பின்னால், தூண்கள் பக்கமிருந்து.

“அண்ணே... அதை எடுக்காதீங்க.”

போன உயிர் திரும்பி வந்தது ஊசிக்கு. நம்மைப் போலவே இன்னொருத்தன் மாட்டிக்கொண்டிருக்கிறான்! ஒருத்தனைக் காணாவிட்டால் தேடமாட்டார்கள், இரண்டு பேரைக் காணாவிட்டால் தேடுவார்களே!

“யாருப்பா அது? எந்த செட்டு நீ?”

சகதியில் நடந்து வருகிற சத்தம். சளக்... சளக்... பூட்ஸ் சத்தம் இல்லை, வெறுங்கால். கூடவே வாடை மாறியது. பெட்ரோல் வாடைக்கு மேலே ரப்பர் எரிந்த வாடை. முடி பொசுங்கின வாடை. ஊசி தன் மீட்டரின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தான். எதிரே வருகிறவன் நெஞ்சில் புள்ளி எதுவும் இல்லை.

“உன் மீட்டர் எங்கப்பா?”

“எங்க காலத்துல மீட்டர் கிடையாதுண்ணே.”

குரல் இப்போது முகத்துக்கு நேராக. ஆனால் மூச்சுக்காற்று படவில்லை. சூடு மட்டும் பட்டது, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி.

“எங்கம்மாவும் இப்படித்தான் கூப்பிட்டாங்க” என்றது குரல். “நான் எடுத்தேன்.”

ஊசி பின்வாங்கி மூடியில் முதுகை ஒட்டினான். ஓட வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கே ஓடுவது? பின்னால் மூடி. நாலு போல்ட். முன்னால் அது. மீட்டர் இப்போது விட்டுவிட்டுக் கத்தவில்லை, ஒரே இழுவையாகக் கத்தியது.

காலில் போன் மறுபடியும் அதிர்ந்தது. நாலாவது தடவை.

“பாவம்ணே, பயந்துபோவாங்க. போனைக் குடுங்க. நான் பெட்டியில வச்சிடறேன்.”

காய்ந்த சுள்ளி மாதிரி விரல்கள் ஊசியின் கையைத் தொட்டன. கொதிக்கிற விரல்கள். அவன் கொடுத்தானா, அதுவே எடுத்துக்கொண்டதா, அது அவனுக்கே தெரியாது. அதிர்ந்துகொண்டிருந்த போன் கையை விட்டுப் போனது. ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்... அந்தச் சத்தம் நகர்ந்தது. மூடியைத் தாண்டி, இரும்பைத் தாண்டி, வெளிப்பக்கம் போனது. ஊசி அப்படியே சாய்ந்துவிட்டான்.

வாசலில் கேட்காரர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிட்டு டீ போட்டுக்கொண்டிருந்தார். பூட்டின பெட்டிக்குள் என்னவோ உறுமியது. திறந்து பார்த்தார். பதினேழாம் பொந்தில் ஒரு போன். மேலெல்லாம் கறுப்புச் சகதி, தொட்டால் சுட்டது. திரையில் ‘அம்மா’ என்று இருக்கிறது. அவர் எடுக்கவே இல்லை, ஆனால் யாரோ எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வைத்தார். ஒரு அம்மாள் குழந்தை மாதிரி சிரித்தாள். ஒரு ஆண் குரல், “வந்துடறேம்மா... இதோ கிளம்பிட்டேன்” என்றது. கட்டாகிவிட்டது.

போனைப் போட்டுவிட்டு ஓடத்தான் பார்த்தார். ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பெட்டியில் ஒரு போன் என்றால் உள்ளே ஒரு ஆள். கைகழுவிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ஓடினார்.

திறந்தார்கள். ஊசியை இழுத்துப் போட்டார்கள். கண் விழித்ததும் மேஸ்திரி ஓங்கி ஒரு அறை விட்டார், அப்புறம் அவரே அழுதார்.

“ஏண்டா பாவி, போன் கொண்டுவரலன்னு ஏண்டா பொய் சொன்ன? பெட்டியிலதானடா இருக்கு!”

“நான் வைக்கலண்ணே...” என்றான் ஊசி. “உள்ள இன்னொருத்தர் இருக்கார். அவரையும் எடுங்க.”

மேஸ்திரி எழுந்தார். விளக்கை நீட்டி உள்ளே பார்த்தார். யாரும் இல்லை. திரும்பித் தரையைப் பார்த்தார். மேன்ஹோலிலிருந்து வாசல் பெட்டி வரைக்கும் கறுப்புக் கால்தடம். வெறுங்கால். ஐந்து விரலும் தெரிகிறது. ஊசியின் ஒரு காலில் இன்னும் பூட்ஸ் இருந்தது, மற்றதில் காலுறை.

“உள்ள ஒருத்தன் எரிஞ்சு செத்தான். இந்தப் பெட்டியை வச்சதே அவனுக்கு அப்புறம்தான்டா” என்றார்.

அவரே பைக்கில் ஊசியை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அதே ஆறு கிலோமீட்டர் ரோடு. கொதிக்கிற தாரில், நட்டநடுவே, ஈரமாக, கறுப்பாக... அந்தக் கால்தடம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள். மேஸ்திரி முறுக்கின முறுக்கில் பைக் பறந்தது. தெருமுனை வந்ததும் ஊசியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மா நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவளை உயிரோடு பார்த்ததும் ஊசிக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏண்டா, ரெண்டு பேரும் சேர்ந்து வரக்கூடாதா?” என்றாள்.

“யாரும்மா?”

“அவன் வந்து அரை மணி ஆச்சு. போன்ல சொன்ன மாதிரியே வந்துட்டான் எம்புள்ள. பாவம், உடம்பெல்லாம் கரி. குளிக்க அனுப்பியிருக்கேன்.” அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பதினோரு வருஷமா வெளிய விடவே இல்லையாம்டா.”

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம். சொம்பு வாளியில் இடிக்கிற சத்தம். ஊசி கதவருகே போனான். சத்தம் நின்றது. உள்ளே... அதே வறட்டு இருமல்.

தெருக்காரர்கள் வந்து கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே தாழிட்டிருந்தது. யாரும் இல்லை. வாளித் தண்ணீர் கறுப்பாக, மேலே எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. ஆணியில் ஊசியின் துண்டு தொங்கியது, பிழிந்து உலர்த்தின மாதிரி, சூடாக.

ஊசி மறுநாளே வேலையை விட்டுவிட்டான். இரண்டு வீடு மாற்றிப் பார்த்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மா இரண்டு டம்ளரில்தான் டீ ஊற்றுவாள். ஒன்று அவளுக்கு என்றுதானே நினைப்பீர்கள்? அவள் டீயே குடிக்க மாட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை என்றான். அவனுக்குத் தாங்காதது வேறு. அன்றைக்குப் பிறகு அம்மா அவனுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. எங்க இருக்க, எப்ப வருவ என்று கேட்கவே இல்லை. பதினைந்து தடவை கூப்பிட்டவள்! ஒருநாள் மனசு பொறுக்காமல் புது வேலை இடத்திலிருந்து இவனே கூப்பிட்டான். அம்மா எடுத்தாள்.

“அம்மா, நாந்தாம்மா. வந்துடறேம்மா.”

பிறகு அம்மா போனைத் தள்ளி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் யாரிடமோ கேட்டாள்.

“ராசா, யாரோ உன்னை மாதிரியே பேசறாங்கடா. வரேன்னு சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?”

முதலில் இருமல் கேட்டது. அப்புறம் மெதுவாக, பிரியமாக, அந்தக் குரல்.

“இனிமே அதை எடுக்காதீங்கம்மா.”